கதையில் கதவை அடைத்தவள்

ஆடு என்றால் என்னவென்று தெரியாத ஊரில் ஆட்டுக்கதை சொல்லப் போனால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்று ஜெபக்கனிக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒரு படத்தை எடுத்துப் போனாள். சாயல்குடிப் பக்கத்தில் வெயிலில் நிற்கிற செம்மறி ஒன்றின் படம். செவ்வாய் கிரகத்துப் பாறைக்கு அடியில் பிறந்து வளர்ந்த அந்த ஜனங்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மனிதரையும், தொட்டிக் காளானையும், கண்ணாடிக் கூடத்துத் தக்காளியையும் தவிர வேறு உயிரை அவர்கள் கண்டதில்லை. “காளானுக்குக் கால் மொளச்சிருக்கே” என்றார் ஒருவர். “இது வளருததுக்கு எத்தன நாளு ஆவும்?” என்று இன்னொருவர் அக்கறையாய் விசாரித்தார்.

அந்த ஊருக்கு வளை என்று பெயர். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஆறு தேசத்துத் தோண்டுகாரர்கள் போய் இறங்கிப் பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஊர். அதில் பாதிப் பேர் நம் தெற்கத்திக்காரர்கள். ஆறு பாஷையும் கலந்து அங்கே புதிதாக ஒரு பேச்சு பிறந்துவிட்டது. அதை அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது, எனக்கும் எழுத வராது. ஆகவே அவர்கள் பேசியதையெல்லாம் திருநெல்வேலிப் பேச்சிலேயே தருகிறேன். அதன் சாடை அவர்கள் பேச்சில் இருக்கத்தான் செய்தது.

ஜெபக்கனிக்கு வேலை, கிறிஸ்தவ வேதத்தை அந்த வளைப்பேச்சுக்குக் கொண்டுவருவது. பூமியில் இருக்கிற மொழிபெயர்ப்புக் குழு அவளை அனுப்பியிருந்தது. வயது நாற்பத்தேழு, தனிக்கட்டை, பிடிவாதக்காரி. வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திரும்பும் கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. வளைக்காரர்கள் இயந்திரக் குறிப்புகளைத் தவிர எதையும் வாசிக்க மாட்டார்கள். கதை என்றால் காதால் கேட்டால்தான் அவர்களுக்குக் கதை. ஆகவே வேதம் முழுவதையும் ஒரே குரலில் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் குரல் யசிந்தாவின் குரல்.

யசிந்தா வளையின் கதவுக்காரி. ஐம்பத்தைந்து வயது விதவை. வெளியே வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் மாலையில் திரும்பியபின் பெரிய கதவை அடைத்துவிட்டு அவள் எண்ணிக்கை எடுப்பாள். ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் “உண்டு” என்று பதில் சொல்வாள். அந்த ‘உண்டு’ காதில் விழுந்தால்தான் வளைக்காரர்களுக்குச் சோறு இறங்கும். இந்தக் குரல் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட அங்கே தெரியும். வேறு குரலில் வேதத்தைப் பதிந்தால் சும்மா கதை என்று நினைத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இருவரும் வேலை செய்யும் விதம் இப்படி. ஜெபக்கனி ஒரு வரியை ஒப்பேற்றிச் சொல்வாள். யசிந்தா அதை வாயில் போட்டு மென்று, “இப்படிச் சொன்னா சிரிப்பாங்க” என்று திட்டி, நல்ல வளைப்பேச்சில் திருப்பிச் சொல்வாள். அதுதான் பதிவாகும். இரண்டு வருஷமாக இப்படி மென்று துப்பியதில் ஒருத்தியில்லாமல் ஒருத்திக்கு டீ இறங்காது என்ற அளவுக்கு ஆகிவிட்டது.

ஜெபக்கனிக்கு எண் கிடையாது, விருந்தாளி. எண் இல்லாதவர்கள் எண்ணிக்கை முடியும்வரை அறையை விட்டு வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அறையில் ஒரு பழைய ஒலிபெருக்கி இருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க, குரல் வந்தால் மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் சாதனம். அதில் எண்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். ‘உண்டு’ பாதி கேட்கும், பாதி கேட்காது. ஆனாலும் ஒரு விஷயத்தை அவள் கண்டுபிடித்தாள். நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு வந்தது. நாற்பத்தொன்று வருவதே இல்லை. ‘இம்மக்களுக்கு நாற்பத்தொன்று அபசகுனமான எண்’ என்று குறிப்பு எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். நுட்பமான கவனிப்பு என்று பாராட்டுகூட வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியதை இவளே அறியவில்லை.

தொலைந்த ஒரு ஆட்டை மேய்ப்பன் தேடிப் போகும் வேதக்கதை வந்தபோது யசிந்தா காய்ச்சலில் படுத்திருந்தாள். நாள் குறைவாக இருந்ததால் ஜெபக்கனி தனியாகவே வரைவு செய்தாள். ஆட்டுக்குப் பதில் ‘உயிர்’ என்று போட்டாள். உங்கள் வீட்டில் எத்தனை உயிர் என்றுதான் அங்கே ஆளை எண்ணுவார்கள். மேய்ப்பனுக்குப் பதில் ‘வெளிமேஸ்திரி’. ஆட்களை எண்ணி வெளியே கூட்டிப்போய், எண்ணித் திரும்பக் கொண்டுவருகிற ஆளுக்கு அங்கே அதுதான் பேர். இதைவிடப் பொருத்தமாய் யாரால் முடியும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

எந்தப் பகுதியையும் பதிவுக்கு முன் சோதித்துப் பார்ப்பது வழக்கம். கதையை முன்னே பின்னே கேட்டிராத ஒருவரிடம் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். மொழிபெயர்ப்பின் ஓட்டையெல்லாம் அதில் தெரிந்துவிடும். காற்றுக்கூடத்தில் வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் பாதிக் கதைக்கு மேல் கேட்கவே இல்லை.

“ஒரு வெளிமேஸ்திரி. அவன் பொறுப்புல நூறு உயிரு. ஒண்ணக் காணலன்னு மத்த தொண்ணூத்தொம்பதையும் வெட்டவெளியில போட்டுட்டுத் தேடப் போயிட்டான். அதான?” என்றவர், “அதுக்கப்புறம் அவன வேலய விட்டு நிறுத்துனாங்களா இல்லியா?” என்று கேட்டார்.

ஜெபக்கனி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்து கேட்ட இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் கோபத்தோடு. யசிந்தா வந்தால் சரிசெய்துவிடுவாள் என்று ஜெபக்கனி விட்டுவிட்டாள்.

காய்ச்சல் விட்டு யசிந்தா வந்து பதிவறையில் உட்கார்ந்தாள். முதல் வரியை ஜெபக்கனி சொன்னாள். யசிந்தா திருப்பிச் சொன்னாள். இரண்டாவது வரி, ஒருவன் குறைகிறான். யசிந்தா கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள். மூன்றாவது வரி, தொண்ணூற்றொன்பது பேரையும் விட்டுவிட்டு வெளிமேஸ்திரி அந்த ஒருவனைத் தேடிப் போகிறான்.  யசிந்தா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“அவன் போன பெறவு கதவ யாரு அடைச்சா?” என்று கேட்டாள்.

“கதவா? கதையில கதவே கெடையாதுக்கா. அது வனாந்தரம். வெட்டவெளி.”

“கதவு இல்லாம ஒரு எடம் இருக்குமாட்டி? தொண்ணூத்தொம்பது உயிரு மூச்சு விடணும்லா? யாரோ அடைச்சிருக்கணும். அத ஏன் சொல்லல?”

“இல்லக்கா, அது வந்து...”

“எனக்கு இதுக்கு வாய் வராது. வேற ஆளப் பாத்துக்க” என்று எழுந்து போய்விட்டாள்.

ஐந்து நாள் அவள் வரவில்லை. ஜெபக்கனி பூமிக்குச் செய்தி அனுப்பினாள். இருபது நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்து, அவர்கள் யோசித்து, அடுத்த நாள் பதில் வந்தது. ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது. அந்தப் பெண்மணிக்கு விருப்பமில்லையென்றால் அந்தக் கதையை மட்டும் வேறு குரலில் பதியலாம். படித்துவிட்டு ஜெபக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் எல்லாவற்றையும் தன் குரலில் சொன்னவள், இந்த ஒரு கதையில் மட்டும் இல்லாமல் போனால் ஊர் என்ன நினைக்கும்? கதவுக்காரிக்கு இதில் இடமில்லை போலிருக்கிறது என்றுதான் நினைக்கும். யசிந்தாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை ஊர்க்கட்டை மீறினாள். எண்ணிக்கை நேரத்தில் கதவுக்கூடத்துக்குப் போய் ஒரு தூணோரம் நின்றாள். யசிந்தா பார்த்தாள், விரட்டவில்லை. எண்ணிக்கை தொடங்கியது. முப்பத்தொன்பது, உண்டு. நாற்பது, உண்டு. அதன்பின் யாரும் பேசவில்லை. கூடம் முழுவதும் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. சில பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி இரண்டு வருஷமாக வெட்டி எறிந்துகொண்டிருந்தது இந்த மௌனத்தைத்தான்.

பிறகு ஒரு பெண் நாற்பத்திரண்டு என்றாள். இருபத்தேழு வயது இருக்கும். தரையைப் பார்த்தபடி சொன்னாள். அதற்கு ‘உண்டு’ வரவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் உடனே நாற்பத்து மூன்று என்றார், அதற்கு ‘உண்டு’ வந்தது.

எண்ணிக்கை முடிந்து எல்லாரும் போனபின் ஜெபக்கனி போய்க் கதவுக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாப்பத்தொண்ணு ஆகாத நம்பருன்னு எழுதி அனுப்பிட்டேன்க்கா.”

யசிந்தா அவளையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. “கூறுகெட்டவளே. அது எம் புருசன் நம்பருட்டி” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். புருஷன் பெயர் தொபியாஸ். வெளிமேஸ்திரி. அந்த நாளில் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது ஆனதும் வெளியே கூட்டிப்போய் வானம் காட்டுகிற வழக்கம் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன் நூரி என்ற பிள்ளைக்கு வானம் காட்டப் போனார்கள். திடீரென்று புழுதிப்புயல் எழும்பியது. எல்லாரும் ஓடி வந்து கதவுக்குள் ஏறினார்கள். எண்ணிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். புழுதி காற்றுக்கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிடும். புயல் மூன்று நாள் அடிக்கும். அடைத்த கதவை அதுவரை திறக்க முடியாது.

“அவரு எறங்கிட்டாரு. நான் இந்தா, இந்தப் பிடியில கை வச்சிட்டு நிக்கேன். அவரு போறது தெரியுது. பெறவு தெரியல. நான் அடைச்சேன். இந்தக் கையாலதான் அடைச்சேன்.”

“பிள்ள?”

“வெளிய அங்கங்க ஒத்தைக்கூடு உண்டு. ஒரு ஆளுக்கு மூணு நாளைக்குக் காத்து. அதுல பிள்ளைய வச்சி மூடிட்டாரு. இன்னொரு ஆளுக்கு அதுல எடமில்ல.” யசிந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அந்தப் பிள்ளதான் நாப்பத்திரெண்டு. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஜெபா. ஆனா அந்த நம்பரக் கேக்கும்போது வராத நம்பருதான் எனக்குக் கேக்கும். மொத நாளு ‘உண்டு’ வரல. பெறவு அதுவே பழகிட்டு. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும் வானம் காட்டல.”

 பொருத்தம் பொருத்தம் என்று மெச்சிக்கொண்டாளே ஜெபக்கனி! ஊரில் நிஜமாகவே தேடிப் போன ஒரு வெளிமேஸ்திரியின் கதையை அவன் பெண்டாட்டி வாயாலேயே சொல்லச் சொல்லியிருக்கிறாள். அதிலே அவன் இருக்கிறான், தொலைந்த பிள்ளை இருக்கிறது, தப்பித்த கூட்டம் இருக்கிறது. கதவை அடைத்தவள் மட்டும் இல்லை.

“போனவன் நல்லவன்னா அடைச்சவ யாரு?” என்றாள் யசிந்தா. “உன் வேதத்துல எனக்கு என்ன பேரு?”

 ஜெபக்கனியின் மனசில் குழுவின் விதிகளெல்லாம் ஓடின. பிறகு அவளுக்கு அந்தச் செம்மறிப் படம் எடுத்த இடம் நினைவுக்கு வந்தது.

“அக்கா, எங்க ஊர்ப் பக்கம் கிடை போடுவாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல நூறு எறநூறு ஆட்ட மடக்கி நிறுத்துவாங்க. ஒரு குட்டி காணோம்னா ஒருத்தன் தேடிப் போவான். ஆனா சும்மா போகமாட்டான். பக்கத்துல நிக்கிற ஆளப் பாத்து, ‘பாத்துக்கோ’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவான். கிடைக்கு ஆள் நிறுத்தாம போறவன் எங்க நாட்டுலயே கெடையாது. அந்தக் காலத்துல இந்தக் கதையக் கேட்டவங்களும் ஆடு மேய்க்கிற ஊர்க்காரங்கதான். அவங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சதனால யாரும் சொல்லல. சோறு தின்னேன்னு சொல்லும்போது வாயத் தொறந்தேன்னும் சேத்தா சொல்லுவோம்?”

யசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

“நிக்கிற ஆள் இருந்தாதான்க்கா போறவன் போக முடியும். நீங்க மொதல்லேர்ந்தே அந்தக் கதையில இருக்கீங்க. எனக்குத்தான் தெரியல.”

யசிந்தா கதவின் பிடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எறங்குததுக்கு முன்னால திரும்பிப் பாத்தாரு. ‘நீ பாத்துக்க யசி, அடச்சிரு’ன்னாரு. நான் இத யாருட்டயும் சொன்னதில்ல. சொன்னா, பழியிலேர்ந்து தப்பிக்கதுக்காகச் சொல்லுதேன்னு நெனப்பாங்கன்னு.”

அவள் அழுது முடிக்கிறவரை ஜெபக்கனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் யசிந்தா தானே பதிவறைக்கு வந்தாள். ஜெபக்கனி மூன்றாவது வரியைச் சொன்னாள். யசிந்தா மென்றாள். “தொண்ணூத்தொம்பதையும் கதவுல விட்டுட்டு அவன் போனான்” என்றாள். வனாந்தரத்துக்குப் பதில் கதவு. வேறு ஒரு சொல்லும் கூடவில்லை. ஆனால் கதவில் விட்டான் என்றாலே அங்கே கதவுக்காரி இருக்கிறாள் என்று வளையில் யாருக்கும் விளங்கும். இதை ஒத்துக்கொள்ளவைக்கக் குழுவோடு எத்தனை கடிதம் எழுதிச் சண்டைபோட வேண்டியிருந்தாலும் போடுவது என்று ஜெபக்கனி அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

“பெறவு?” என்றாள் யசிந்தா. கதை இதற்குமேல் போகும் என்பதே அவளுக்குத் தெரியாது.

“தேடிக் கண்டுபிடிச்சான்.”

“சரி. கண்டுபிடிச்சான்.”

“கண்டுபிடிச்சதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கல. சிநேகிதரையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, காணாம போனது கெடச்சிருச்சு, எங்கூடச் சேந்து நீங்களும் சந்தோஷப்படுங்கன்னு சொன்னான்.”

யசிந்தா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவள் முகம் மாறிப்போயிற்று. மறுபடியும் எழுந்து போய்விடுவாளோ என்று ஜெபக்கனி பயந்தாள்.

“ரேடியோவுல கூப்பிட்டாரு, ஜெபா.”

“யாரு?”

“அவருதான். கதவு அடச்சி அரமணி நேரம் கழிச்சி. மூச்சு வாங்குது, ஆனா சிரிக்காரு. ‘கெடச்சிட்டா, யசி! கெடச்சிட்டா!’ன்னு சிரிக்காரு. வானம் காட்டப் போன பிள்ள மாதிரி அம்புட்டு சந்தோசம். நான் பதில் சொல்லல. நீ எப்படி வருவன்னு மட்டுந்தான் என் மனசுல ஓடுது. பெறவு ரேடியோ நின்னு போச்சி.” அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். “அவரு என்னச் சந்தோசப்படக் கூப்பிட்டிருக்காரு. நான் இத்தன வருசமா போகவே இல்ல.”

  யசிந்தா கண்ணைத் துடைத்து, நேராக உட்கார்ந்து, கடைசி வரியை நல்ல வளைப்பேச்சில், அவளுக்கே உரிய அந்தக் குரலில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரண்டாம் தடவை பதியத் தேவை இருக்கவில்லை.

அன்று மாலை எண்ணிக்கைக்கு முன்னால் அவள் ஜெபக்கனியின் அறைக்கு வந்தாள். கையில் துணியில் சுற்றிய ஒரு தக்காளி. வளையில் தக்காளி என்பது பிறந்தநாளைக்கு ஆளுக்கு ஒன்று கிடைக்கிற பொருள். யசிந்தாவின் பிறந்தநாள் போன வாரம்தான் போயிருந்தது.

“யாருக்குக்கா அது?”

“பேசாம வா. ஊர்க்கட்டு கெடக்கட்டும். நீயும் கதவுல நில்லு.”

ஜெபக்கனி மறுபடியும் அந்தத் தூணோரம் நின்றாள். கதவு அடைபட்டது. எண்ணிக்கை தொடங்கியது. யசிந்தா ஒவ்வொரு எண்ணுக்கும் உண்டு, உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்பது. நாற்பது. கூடம் ஒரு மூச்சு நேரம் மௌனமாக நின்றது. ஜெபக்கனியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாப்பத்திரெண்டு” என்றாள் நூரி, தரையைப் பார்த்தபடி.

பக்கத்தில் நின்ற பெரியவர் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் உடனே வாயைத் திறந்தார். யசிந்தா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“உண்டு” என்றாள்.

நூரி தலை நிமிர்ந்தாள்.

“உண்டு” என்றாள் யசிந்தா மறுபடியும், கொஞ்சம் உரக்க, கதவுக்கு அப்பால் நிற்கிற யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோல. “கெடச்சிட்டா. எண்ணி முடிச்சதும் ஒருத்தரும் வீட்டுக்குப் போவாதீங்க. எங்கூட இருங்க.”

ஒரு தக்காளியை அத்தனை பேருக்கும் எப்படி நறுக்கப் போகிறாள் என்று ஜெபக்கனிக்குக் கவலையாக இருந்தது. நாற்பத்து மூன்றாம் எண்காரருக்குத் தம் எண்ணைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.